பழி போட ஆள் இல்லாத புத்தகம்

ஜேன் ஆஸ்டினின் முதல் நாவல் ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’ 1811 அக்டோபரில் லண்டனில் வெளிவந்தது. ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘ஒரு பெண்மணி’ என்று மட்டும் அச்சாகியிருந்தது. பதிப்பாளர் என்று தாமஸ் எஜர்ட்டன் பெயர் போட்டிருந்தாலும் காகிதம், அச்சு, விளம்பரம் என எல்லாச் செலவும் ஆஸ்டினுடையது. விற்றால் எஜர்ட்டனுக்குக் கமிஷன், விற்காவிட்டால் நட்டம் எழுதியவர் தலையில். அந்த நாளில் அது வழக்கமான ஏற்பாடுதான். ஆஸ்டின் இறந்த பிறகு அவருடைய அண்ணன் ஹென்றி இதைப் பற்றி ஒரு செய்தி எழுதினார். புத்தகம் போட்ட காசை எடுக்காது என்று தங்கைக்கு அவ்வளவு நிச்சயமாம். தன் சொற்ப வருமானத்திலிருந்து வரப்போகும் நட்டத்துக்கென்று முன்கூட்டியே பணம் ஒதுக்கி வைத்தாராம். தன் நாவலை அச்சுக்குக் கொடுக்கும் அளவுக்கு நம்பிய அதே பெண், அது தோற்கும் என்று எண்ணிப் பணமும் எடுத்து வைத்திருக்கிறார். எழுத்தாளர் ஒரு பக்கம், வியாபாரி மறுபக்கம். இரண்டும் ஒரே ஆள்.

நட்டம் வரவில்லை. 1813 நடுவில் முதல் பதிப்பு முழுதும் விற்றுத் தீர்ந்து ஆஸ்டினுக்கு 140 பவுன் லாபம் நின்றது. கவனிக்க வேண்டியது இதற்கு நடுவில் நடந்ததை. 1812 நவம்பரில், முதல் நாவலின் கணக்கு முடிவதற்கு முன்பே, ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலின் உரிமையை எஜர்ட்டனுக்கே 110 பவுனுக்கு மொத்தமாக விற்றுவிட்டார். 150 கிடைத்திருந்தால் நன்றாயிருக்கும் என்ற மனக்குறை அவருக்கு இருந்தது. ஆனாலும் தோழிக்கு எழுதிய கடிதத்தில், விற்றுவிட்டதால் ஹென்றிக்கு அலைச்சல் மிச்சமாகும் என்று ஆறுதல் பட்டுக்கொள்கிறார். பிறகு அந்த நாவல் எப்படி ஓடியது என்பது உலகறிந்த கதை. அதன் லாபத்தில் ஆஸ்டினுக்கு ஒரு காசும் வரவில்லை. பணக் கணக்கில் இது தப்பான முடிவு. மனக்கணக்கில் அப்படிச் சொல்லிவிட முடியாது. இன்னொருவர் தோளுக்குப் பாரத்தை மாற்றுவதற்கு அவர் கொடுத்த விலை அது.

முதல் நாவலைக் கைக்காசு போட்டு வெளியிடுகிறவர்களின் மனநிலையைப் பற்றிப் பேசும்போது நாம் வழக்கமாக இரண்டு சொற்களோடு நிறுத்திவிடுகிறோம்: பெருமிதம், பயம். இரண்டும் உண்மைதான், ஆனால் இரண்டும் எல்லா எழுத்தாளருக்கும் பொது. பெரிய பதிப்பகத்தில் முதல் நாவல் வந்தவருக்கும் பெருமிதம் உண்டு. விமர்சகர் என்ன சொல்வாரோ என்ற பயமும் உண்டு. சொந்தப் பதிப்புக்கே உரிய உணர்ச்சி எது என்று தனியே பிரித்துப் பார்க்க வேண்டுமானால், பதிப்பாளர் என்பவர் எழுத்தாளருக்கு உண்மையில் என்ன தருகிறார் என்று முதலில் கேட்க வேண்டும். பணம் என்று சொன்னால் தமிழ் எழுத்தாளர்கள் சிரிப்பார்கள். பதிப்பாளர் தருவதில் பெரியவை இரண்டு. ஒன்று, எழுதியவரின் உறவோ நட்போ அல்லாத ஒருவர், தன் காசைப் பணயம் வைத்துச் சொல்லும் ‘போடலாம்’ என்ற சொல். மற்றது, பின்னால் எது தவறினாலும் பழி போட ஓர் ஆள். அட்டை சரியில்லையா, விநியோகம் மோசமா, புத்தகக் காட்சிக்குள் பிரதி வந்து சேரவில்லையா, எல்லாம் பதிப்பாளர் குற்றம். நாவல் மட்டும் குற்றமற்றதாக நெஞ்சுக்குள் பத்திரமாக இருக்கும். சொந்தமாகப் போடுகிறவருக்கு இந்த இரண்டும் இல்லை. அவர் படும் கூச்சம், சந்தேகம், பொருமல் அத்தனையும் இந்த இடத்தில் ஆள் இல்லாததால் வருபவை என்பதே என் கட்சி.

நம் மரபுக்கு இது புதிய செய்தி அல்ல. நூல் செய்தவனும் அதைச் சிறப்பித்துச் சொல்பவனும் வேறு வேறு ஆளாக இருக்க வேண்டும் என்று தமிழ் இலக்கணம் விதியே வகுத்து வைத்திருக்கிறது. சிறப்புப் பாயிரம் பாட உரியவர் யார் என்று நன்னூல் பட்டியல் போடுகிறது: ஆசிரியரின் ஆசிரியர், உடன் படித்தவர், மாணவர், உரைகாரர். நூலாசிரியர் அந்தப் பட்டியலில் கிடையாது. எத்தனை துறை கரை கண்டிருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று வேறு நன்னூல் ஆசிரியர் பவணந்தி சொல்லிவிடுகிறார். தொல்காப்பியத்துக்கே பனம்பாரனார்தான் பாயிரம் சொல்ல வேண்டியிருந்தது. பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் கேட்க, நூல் அரங்கேறியது என்று அந்தப் பாயிரம் பதிவு செய்கிறது. அரங்கேற்றம் என்ற சடங்கின் உட்பொருள் அது. ‘போகலாம்’ என்று சொல்லும் பொறுப்பை எழுதியவரிடமிருந்து வாங்கி ஓர் அவையிடம் கொடுத்துவிடுவது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: நன்னூலார் நான்கு சந்தர்ப்பங்களில் தற்புகழ்ச்சிக்கு விலக்கு அளிக்கிறார். அரசவைக்கு ஓலை எழுதும்போது, வாதத்தில் வெல்ல வேண்டியபோது, எதிரி தன்னைப் பழிக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர் நடுவே நிற்கும்போது. கடைசியாகச் சொன்னது முதல் நாவல்காரருக்கென்றே எழுதியது போல இருக்கிறது. அனுமதி கொடுத்து எழுநூறு ஆண்டுக்கு மேல் ஆகியும் அதைக் கூசாமல் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் குறைவு.

அச்சு வந்த பிறகும் வெகுகாலம் சொந்தச் செலவில் புத்தகம் போடுவது தமிழில் அவமானமாக இருந்ததில்லை. ஆறுமுக நாவலர் 1849இல் யாழ்ப்பாணத்தில் சொந்தமாக அச்சுக்கூடமே வைத்தார். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் அச்சிட்டு முடிப்பதற்குள் பட்ட பாடு அவருடைய தன்வரலாற்றில் இருக்கிறது. புத்தகம் வருவதற்கு முன்பே வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்டவர்களின் கையொப்பம் திரட்டிப் பணம் சேர்த்திருக்கிறார். இன்று முன்வெளியீட்டுத் திட்டம் என்று நாம் சொல்வதற்கு அன்றைய பெயர் கையொப்பம். வீடு வீடாகப் போய் அதைக் கேட்பது சுகமான வேலை அல்ல. ஆனால் கேட்டவர் சொந்தப் புகழுக்காகக் கேட்கவில்லை, சிந்தாமணிக்காகக் கேட்டார். அந்த வேறுபாடு பெரிது. பிறகு நாவல் வந்தது. புரவலரும் சமஸ்தானமும் இல்லாமல், முகம் தெரியாத வாசகர் கொடுக்கும் காசிலேயே பிழைக்கத் தெரிந்த முதல் தமிழ் நூல்வகை நாவல்தான் என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதியின் ஆய்வுகள் விரிவாகக் காட்டியிருக்கின்றன. சந்தை வந்ததும் பதிப்பகம் வலுத்தது. அட்டையின் மூலையில் இருக்கும் பதிப்பக முத்திரை பாயிரத்தின் வேலையையும் அரங்கேற்றத்தின் வேலையையும் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது. முத்திரை இல்லாத நாவல் ‘யாரும் போடாததால் தானே போட்டுக்கொண்டது’ ஆகிவிட்டது. கூச்சம் தொடங்கியது அங்கேதான்.

மூன்றாம் ஆள் இல்லாவிட்டால் எழுத்தாளர்கள் என்ன செய்கிறார்கள்? தாமே ஒருவரைச் செய்துகொள்கிறார்கள். இலக்கிய வரலாற்றில் இதற்குச் சான்றுகள் வேடிக்கையும் பரிதாபமும் கலந்தவை. அமெரிக்காவின் ஸ்டீபன் கிரேன் 1893இல், 21 வயதில், தன் முதல் நாவலான ‘மேகி’யைச் சொந்தக் காசில் அச்சடித்தபோது ஜான்ஸ்டன் ஸ்மித் என்ற பொய்ப் பெயரில் ஒளிந்துகொண்டார். புத்தகம் அநேகமாக விற்கவே இல்லை. இரண்டாண்டு கழித்து ‘தி ரெட் பேட்ஜ் ஆஃப் கரேஜ்’ புகழ் தேடிக் கொடுத்த பிறகுதான் 1896இல் அதே நாவல் அவருடைய சொந்தப் பெயரில், முறையான பதிப்பகத்திலிருந்து வந்தது. வால்ட் விட்மன் கவிஞர், நாவல்காரர் அல்ல. ஆனால் இந்த நோயின் பாடநூல் உதாரணம் அவர்தான். 1855இல் ‘லீவ்ஸ் ஆஃப் கிராஸ்’ நூலைச் சொந்தமாகப் போட்டார். அச்சுக்கூடத்தில் நின்று சில பக்கங்களுக்குத் தானே எழுத்தும் கோத்தார். பிறகு பெயர் போடாமல் பத்திரிகைகளில் தன் நூலைத் தானே புகழ்ந்து மதிப்புரையும் எழுதினார். சிந்தனையாளர் எமர்சன் பாராட்டித் தனிப்பட்ட முறையில் ஒரு கடிதம் எழுதியதும், அனுமதி கேட்காமலே அதைப் பத்திரிகைக்குக் கொடுத்தார். மறு ஆண்டு வந்த பதிப்பில் அந்தக் கடிதத்தின் ஒரு வரியைப் புத்தகத்தின் முதுகிலேயே பொன்னெழுத்தில் பொறித்தார். முதுகில் பொறித்துக்கொள்ளும் அளவுக்கு அந்த மனிதருக்கு ஒரு பனம்பாரனார் தேவைப்பட்டிருக்கிறார்.

மார்செல் புரூஸ்டின் கதை இன்னும் நுணுக்கமானது. அவருடைய பெருநாவலின், ‘ஸ்வான் வீட்டு வழி’ என்று தமிழில் சொல்லத்தக்க முதல் பாகத்தைப் பாரிசின் பதிப்பகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. அவற்றுள் ஒன்று ஆந்த்ரே ழீத் இருந்த நூவெல் ரெவ்யூ ஃபிரான்சேஸ். கடைசியில் பெர்னார் கிராஸே என்ற இளம் பதிப்பாளர், செலவு முழுவதும் ஆசிரியருடையது என்ற நிபந்தனையில் ஒப்புக்கொண்டு 1913 நவம்பரில் வெளியிட்டார். புரூஸ்ட் வசதியானவர்; பணம் அவருக்குப் பொருட்டல்ல. ஆகையால் பணக்கவலையை நீக்கிவிட்டு, மற்ற உணர்ச்சிகளை மட்டும் தனியாகப் பார்க்க அவர் நல்ல சோதனைக்கூடம். முதலாளி தானே என்றானதும் அவருக்குக் கிடைத்த சுதந்திரம் அவரைப் பிடித்து ஆட்டியது. மெய்ப்பு வந்தால் பிழை திருத்துவார்கள். அவர் மெய்ப்பின் ஓரங்களில் ஏறக்குறைய இன்னொரு நாவலையே எழுதினார். இடம் போதாமல் காகிதத் துண்டுகளை ஒட்டி ஒட்டி நீட்டினார். தடுக்க யாருமில்லை, திருத்தத்துக்கான கூலியும் அவர் கணக்கில்தான். இன்று வாசகர்கள் கொண்டாடும் உருவம் அந்தக் கட்டுப்பாடற்ற திருத்தங்களில்தான் கூடிவந்தது என்பதால், சொந்தப் பதிப்பின் மகிழ்ச்சிப் பக்கத்துக்கும் அவரே சாட்சி.

மறுபக்கத்துக்கான சாட்சி வெளியே வர நூறாண்டு ஆயிற்று. 2017இல் புரூஸ்டின் சில கடிதங்கள் ஏலத்தை ஒட்டி வெளிச்சத்துக்கு வந்தன. தன் நாவலைப் புகழும் குறிப்பு ஒன்று ‘லெ ஃபிகாரோ’ முதல் பக்கத்தில் வருவதற்கு 300 பிராங்கும், இன்னொரு நாளிதழில் விரிவாக வருவதற்கு 660 பிராங்கும் கொடுக்க அவர் ஏற்பாடு செய்திருக்கிறார். புகழ்ச்சி வாசகங்களையும் அவரே எழுதிக் கொடுத்து, தன் கையெழுத்தில் போனால் தெரிந்துவிடும் என்று கிராஸேயின் ஆட்களைக் கொண்டு தட்டச்சு செய்ய வைத்திருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் மகத்தான நாவலாசிரியர்களில் ஒருவர், தன்னைத் தானே புகழ்ந்த சீட்டைத் தட்டச்சில் மறைக்கிறார். இதைப் படித்து அவரைப் போலி என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. எனக்கு அது ஏளனத்துக்குரியதாகப் படவில்லை. அவர் காசு கொடுத்து வாங்கப் பார்த்தது விற்பனையை அல்ல. முன்பின் தெரியாத ஒருவர் வாயிலிருந்து வந்ததுபோலத் தோன்றும் ‘நன்று’ என்ற ஒரு சொல்லை. ழீத் 1914 ஜனவரியில், நிராகரித்தது தங்கள் பதிப்பகம் செய்த மிகப் பெரிய தவறு என்று வருந்திக் கடிதம் எழுதினார். புரூஸ்டைப் பெரிய வீட்டு விருந்துகளில் திரிபவர் என்று நினைத்துக் கையெழுத்துப் பிரதியைச் சரியாகப் படிக்காமலே விட்டிருக்கிறார்கள். அந்தக் கடிதம் புரூஸ்டுக்குக் கொடுத்த நிறைவை 300 பிராங்கு கொடுத்திருக்க முடியாது.

நம் ஊரிலும் இதே வேலை நடக்கிறது, இன்னும் அடக்கமாக. சொந்தப் பதிப்பு நாவல் ஒன்றைக் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தை அடுத்துத் திருப்பிப் பாருங்கள். முதல் பதிப்பு, பக்கங்கள், விலை, அச்சிட்டோர் என்று வரும் பொடி எழுத்துக்களுக்கு நடுவே ‘வெளியீடு’ என்று ஒரு பதிப்பகத்தின் பெயர் இருக்கும். அது ஆசிரியரின் மகள் பெயராகவோ, தாயார் பெயராகவோ, குலதெய்வத்தின் பெயராகவோ இருக்கும். பதிப்பக முகவரியும் பின்னட்டையில் உள்ள ஆசிரியர் முகவரியும் ஒன்றாக இருக்கும். அந்தப் பதிப்பகம் வேறு புத்தகம் போட்டிருக்காது. இதற்குச் சட்டத் தேவை எதுவும் கிடையாது. ஐஎஸ்பிஎன் எண்ணைக்கூட நம் நாட்டில் ஆசிரியர் தன் பெயரிலேயே கட்டணமின்றி வாங்கலாம். ஆனாலும் பெயர் வைக்கிறார்கள். ‘நானே போட்டேன்’ என்பதற்கும் ‘இன்ன பதிப்பகம் போட்டது’ என்பதற்கும் நடுவே ஒரு மெல்லிய திரை வேண்டியிருக்கிறது. அணிந்துரை, வாழ்த்துரை, நயவுரை என்று மூன்று நான்கு பேரிடம் வாங்கி முன்னால் அடுக்குவதும் இந்த ஏக்கத்தால்தான். எழுதிக் கொடுப்பவர்களில் பாதிப் பேர் நாவலைப் படித்திருக்க மாட்டார்கள் என்பது ஆசிரியருக்கும் தெரியும். தெரிந்தும் போய்க் கேட்பார்.

விற்கும் இடத்துக்கு வந்தால் கூச்சம் உச்சத்துக்குப் போகும். நாவல் எழுதுவதைப் பிரசவத்துக்கு ஒப்பிடுவது நம் மேடைகளில் தேய்ந்துபோன உவமை. அது தப்பான உவமையும்கூட. குழந்தை பிறந்தால் பார்க்க வருகிறவர்கள் கையில் ஏதாவது கொண்டு வருவார்கள். புத்தகம் பிறந்தால் கையை நீட்டிக்கொண்டு வருவார்கள்: ‘எனக்கு ஒரு காப்பி எடுத்து வைங்க.’ காசு கேட்டால் உறவு கெடும். கேட்காவிட்டால் கட்டிலுக்கு அடியில் இருக்கும் கட்டு குறைந்தபாடாகவும் இருக்காது, போட்ட பணம் வந்தபாடாகவும் இருக்காது. வாங்கிப் போனவர் படித்தாரா என்று கேட்கவும் கூடாது. கடைக்காரர் விலையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ கழிவு கேட்கும்போது, அது புத்தகத் தொழிலின் சாதாரண நடைமுறை என்று மூளைக்குத் தெரிந்தாலும் மனசு தன்னைக் குறைத்துப் பேசிவிட்டதாக எடுத்துக்கொள்ளும். 1990இல் கானமன், நெட்ஷ், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்ட ஒரு புகழ்பெற்ற சோதனையில், சும்மா கையில் கொடுத்த காப்பிக் கோப்பைக்கே, அதை வைத்திருந்தவர்கள் வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்ததைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொன்னார்கள். சில நிமிஷம் வைத்திருந்த கோப்பைக்கு அந்தப் பாசம் என்றால், பல வருஷம் எழுதிய நாவலுக்கு? விலை பேசும் மேசையில் ஆசிரியரே உட்காரக் கூடாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டாம். சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ பிரசுரப் புத்தகங்களைத் தூக்கிச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கியது தமிழ் இலக்கிய உலகம் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. அந்தப் பையில் மற்றவர்களின் நூல்களும் இருந்தன என்பதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. அடுத்தவர் புத்தகத்தை விற்கும்போது குரல் நிமிர்ந்து வரும்.

சரி, இத்தனையும் தெரிந்த பிறகு ஒருவர் பழி போடும் ஆளைக் காசு கொடுத்து அமர்த்திக்கொண்டால் என்ன? அந்த வியாபாரமும் பழையது. எமிலி பிரான்டியும் ஆன் பிரான்டியும் தங்கள் முதல் நாவல்களான ‘வதரிங் ஹைட்ஸ்’, ‘ஆக்னஸ் கிரே’ இரண்டையும் வெளியிட தாமஸ் நியூபி என்ற லண்டன் பதிப்பாளருக்கு 50 பவுன் கட்டினார்கள். அவர் மாதக்கணக்கில் இழுத்தடித்தார். அக்கா சார்லட்டின் ‘ஜேன் ஐர்’ வேறு பதிப்பகத்தில் வந்து பரபரப்பான பிறகே அவசரமாக 1847 டிசம்பரில் கொண்டுவந்தார். சகோதரிகள் மெய்ப்பில் திருத்தி அனுப்பிய பிழைகள் அப்படியே புத்தகத்தில் இருந்தன. கட்டிய பணமும் திரும்பவில்லை. உம்பர்ட்டோ எக்கோ தன் ‘ஃபூக்கோஸ் பெண்டுலம்’ நாவலில், ஒரே முதலாளி ஒரு பக்கம் கௌரவமான பதிப்பகமும், தாழ்வாரத்தைக் கடந்தால் ஆசிரியரிடமே காசு வாங்கிப் போடும் பதிப்பகமும் நடத்துவதைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். இன்றைக்குத் தமிழிலும் ‘பேக்கேஜ்’ சொல்லி, அட்டை, எண், வெளியீட்டு விழா, பொன்னாடை உட்பட எல்லாவற்றுக்கும் ஒரே தொகை பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அச்சகத்துக்கு நேரே போனால் செலவு குறையும் என்று தெரிந்தும் ஏன் அவர்களிடம் போகிறார்கள் என்று வியப்பவர்கள், விற்கப்படும் சரக்கு என்ன என்பதைக் கவனிக்கவில்லை. ‘உங்கள் படைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம்’ என்ற வரிதான் சரக்கு. தேர்ந்தெடுப்பு எல்லாருக்கும் உண்டு என்பதுதான் அதில் உள்ள மோசடி.

இங்கே நியாயமான ஆட்சேபம் ஒன்று எழும். மூன்றாம் ஆள் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டதால்தானே இவர்கள் சொந்தமாகப் போடுகிறார்கள், அந்தத் தீர்ப்பை ஏன் மதிக்கக் கூடாது, மோசமான நாவல்களுக்கு ஏன் மனோதத்துவ அனுதாபம் என்று. சொந்தப் பதிப்பாக வருபவற்றில் பெரும்பாலானவை பலவீனமானவை என்பதை நான் மறுக்கவில்லை. ஒருமுறை கூடத் திருத்தி எழுதப்படாதவை அவற்றில் ஏராளம். ஆனால் தமிழில் அந்தத் தீர்ப்பு எப்படி வழங்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். கையெழுத்துப் பிரதியை வரிவரியாகப் படித்து, ஆசிரியரோடு உட்கார்ந்து, மாதக்கணக்கில் செப்பனிடும் வழக்கத்துக்கு 1974இல் தொடங்கிய க்ரியா போன்ற விரல்விட்டு எண்ணக்கூடிய பெயர்களைத்தான் சொல்ல முடிகிறது. மற்ற இடங்களில் பதில் வராது. ‘வேண்டாம்’ என்பதுகூட வராது. பாரிசில் ஒரு மேதையின் பிரதியையே சரியாகப் படிக்காமல் திருப்பியிருக்கிறார்கள். பதிலே வராததைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளச் சொல்வது அநியாயம். முத்திரையோடு வந்த எத்தனையோ நாவல்களும் பிழையும் சளசளப்புமாகத்தான் வருகின்றன. பதிப்பகத்தின் பெயர் அவற்றைக் காப்பாற்றுகிறது.

இன்னொரு ஆட்சேபம் தொழில்நுட்பம் தெரிந்தவர்களிடமிருந்து வரும். ஆயிரம் பிரதி அடித்துக் கட்டிலுக்கு அடியில் அடுக்கும் காலம் போயிற்று. வேண்டும் என்றால் ஐம்பது, அதுவும் வேண்டாம் என்றால் கேட்கக் கேட்க ஒன்று என்று அச்சிடலாம். 2016 இறுதியிலிருந்து கிண்டிலில் தமிழ் நூலைச் செலவில்லாமலே ஏற்றலாம். பணயம் இல்லாத இடத்தில் பதற்றம் ஏன் என்பார்கள். பணப் பாரம் குறைந்தது உண்மை, நல்லதும்கூட. அமெரிக்காவின் ஹென்றி டேவிட் தோரோ 1849இல் சொந்தப் பொறுப்பில் போட்ட முதல் நூலின் ஆயிரம் பிரதிகளில் 706 பிரதிகள் 1853இல் வீட்டுக்கே திரும்பி வந்தன. மாடிக்குச் சுமந்து ஏற்றிவிட்டு, தன் வீட்டிலிருக்கும் சுமார் 900 புத்தகங்களில் 700க்கு மேல் தானே எழுதியவை என்று நாட்குறிப்பில் கிண்டலாகக் குறித்து வைத்தார். அந்தச் சுமை இன்று இல்லை. ஆனால் தோரோவுக்கு அது ஒரே நாளில் முடிந்த வேலை. இன்றைய ஆசிரியர் ஒவ்வொரு இரவும் ஏற்றி இறக்குகிறார். கிண்டில் சந்தா வாசகர்கள் நேற்று மொத்தம் எத்தனை பக்கம் புரட்டினார்கள் என்று கணக்குப் பலகை காட்டும். யார் என்று காட்டாது. 300 பக்க நாவலுக்கு ஒரு நாள் 17 பக்கம் என்று காட்டி, மறுநாள் பூஜ்யம் என்று காட்டினால், பதினேழாம் பக்கத்தில் என்னதான் இருக்கிறது என்று ஆசிரியர் தன் நாவலைத் திறந்து தேட ஆரம்பிப்பார். மின்சாரம் போயிருக்கலாம், அந்த வாசகருக்குத் தூக்கம் வந்திருக்கலாம். பதிப்பாளர் என்று ஒருவர் நடுவில் இருந்திருந்தால் இந்த எண் ஆசிரியரின் கண்ணுக்கே வந்திருக்காது. ஆண்டுக்கு ஒருமுறை ராயல்டி கணக்கில், அதுவும் வந்தால், ஒரே தொகையாக வந்திருக்கும். அறியாமல் இருப்பதும் பதிப்பாளர் செய்துவந்த உபகாரம்தான்.

ஆகவே முதல் நாவலைச் சொந்தமாகப் போட நினைப்பவருக்கு ‘கூச்சப்படாதே, துணிந்து நில்’ என்று தெம்பூட்டும் பேச்சு பயன்படாது என்பது என் எண்ணம். காலியாக இருக்கும் நாற்காலியில் யாரையாவது உட்காரவைப்பதே வழி. அணிந்துரைக்கு அலையும் நேரத்தில் பாதியைச் செலவிட்டால், தயவு தாட்சண்யம் பாராமல் படித்துச் சொல்லும் ஒருவரைக் கண்டுபிடிக்கலாம். அவர் நண்பராக இல்லாமல் இருப்பது நல்லது. மெய்ப்பு பார்க்கத் தெரிந்தவருக்குக் கூலி கொடுக்கலாம், பேக்கேஜ் தொகையில் அது சிறு பங்கு. சாமிநாதையர் வழியில் முன்கூட்டியே நூறு பேரிடம் கையொப்பம் கேட்கலாம். நூறு பேரும் மறுத்துவிட்டால் அந்தச் செய்தியாவது அச்சகத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன் தெரியும். கேட்கிறவரும் எழுதியவராக இருக்க வேண்டியதில்லை. இரண்டு முதல் நாவல்காரர்கள் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு, அவர் புத்தகத்துக்கு இவரும் இவர் புத்தகத்துக்கு அவரும் விற்பனைக்கு நிற்கலாம். நன்னூல் பட்டியலில் ‘உடன் படித்தவர்’ என்று ஓர் இடம் ஏற்கெனவே இருக்கிறது. இதையெல்லாம் செய்தாலும் பழி போட ஆள் கிடைக்கப்போவதில்லை. அது ஒன்றை மட்டும் யாரிடமிருந்தும் கடன் வாங்க முடியாது.

பழைய தமிழ்ப் புத்தகங்களின் பின்பக்கத்தில் ‘பிழையும் திருத்தமும்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தி. அச்சுக்கோப்பவர் செய்ததோ, மெய்ப்பு பார்த்தவர் விட்டதோ, எல்லாவற்றையும் நூலுக்கு உரியவர் தன் கணக்கில் ஏற்றுக்கொண்டு, வாசகர் திருத்தி வாசித்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்வார். இப்போது அந்தப் பக்கத்தைக் காண்பது அரிது. கேட்கக் கேட்க அச்சிடும் முறையில் பிழை தெரிந்ததும் கோப்பைத் திருத்தி ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி ஏற்றிவிடலாம். அடுத்த பிரதி சுத்தமாக வரும். அதற்குள் விற்றுப்போன 43 பிரதிகள் மட்டும் யார் வீட்டிலோ அந்தப் பிழையோடு இருக்கும். எந்தப் பக்கத்தில், எந்த வரியில் என்று ஆசிரியருக்கு மனப்பாடம்.